குழாய் இல்லாத கழிப்பறை: பாய்மரப் படகில் உலர்முறை எப்படி வேலை செய்கிறது

வழக்கமான படகுக் கழிப்பறைக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் இரண்டு ஓட்டைகள் வேண்டும். ஒன்று கடல்நீரை உள்ளே இழுக்க, இன்னொன்று கழிவை வெளியே தள்ள. ஓட்டையை நம்பி வால்வு, வால்வை நம்பி ஹோஸ், ஹோஸை நம்பி கிளிப். கிண்ணமோ பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியோ, படகு சாய்ந்து ஓடும்போது அதற்குக் கீழே போகும்படியோ இருக்கும். வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஹோஸ் வழியாகத் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டே வரும் ஓட்டத்தை (சைஃபன்) உடைக்க வைத்திருக்கும் வளைவிலும் உப்பு அடைத்துக்கொண்டால், கடல் தானாகவே கிண்ணத்துக்குள் ஏறி வரும். கழிப்பறை வழியாகப் படகு மூழ்குவது கேலிக்காகச் சொல்லும் கதை அல்ல. காப்பீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

அன்றாடத் தொல்லை வேறு. அது நாற்றம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கழிவு போகும் ஹோஸைவிட, சுத்தமான கடல்நீர் வரும் ஹோஸ்தான் பல படகுகளில் முதலில் நாறும். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் வருகின்றன. நாலு நாள் யாரும் படகுக்கு வராமல் இருந்தால் அவை ஹோஸுக்குள்ளேயே செத்து அழுகும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்புறம் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும். முதல் தடவை பம்ப் அடிக்கும்போது முகத்தில் அடிக்கும் அழுகிய முட்டை வாடை அதுதான். வெளியேறும் ஹோஸில் இன்னொரு சங்கடம். சிறுநீரும் கடல்நீரும் கலக்கும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகள் உள்சுவரில் படிந்து, சில வருடங்களில் ஹோஸின் வாய் விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

சரி, கரைக்குப் பக்கத்தில் கடலில் விடாமல் டேங்கில் பிடித்து வைக்கலாமே என்றால், டேங்கை நிரப்புவது கழிவு இல்லை, தண்ணீர். 60 லிட்டர் டேங்க், ஒரு முறை பம்ப் அடிக்க 2.5 லிட்டர், இருவர் சேர்ந்து நாளைக்குப் பத்து முறை போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளைக்குள் டேங்க் நிரம்பிவிடும். உறிஞ்சி எடுக்கும் வசதி இருக்கும் துறையைத் தேடிப் படகைத் திருப்ப வேண்டியதுதான்.

இந்த மூன்று தொல்லைகளும் தண்ணீரோடு வருபவை. தண்ணீரையே எடுத்துவிட்டால்? படகுக்காரர்கள் மக்கும் கழிப்பறை பக்கம் திரும்புவதற்கு இதுதான் காரணம். நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட், சி-ஹெட் போன்ற அமெரிக்கத் தயாரிப்புகள் இந்தச் சந்தையில் பழகிய பெயர்கள். வடிவத்தில் வேறுபாடு இருந்தாலும் அடிப்படை ஒன்றே: கிண்ணத்தின் முன்பக்கத் துளைகள் வழியாகச் சிறுநீர் ஒரு பாட்டிலுக்குப் போகும், பின்பக்கக் கதவைத் திறந்தால் மலம், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பெட்டிக்குள் விழும், ஒரு சின்ன விசிறி பெட்டியின் காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிரித்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

வளர்ந்த ஒருவர் நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். மலம் சராசரியாக 100 முதல் 250 கிராம், அதிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஆக, நாம் சமாளிக்க வேண்டிய எடையில் பெரும்பகுதி சிறுநீர்தான். ஆரோக்கியமானவரின் சிறுநீரில் நோய்க்கிருமிகள் மிகக் குறைவு; மலத்திலோ ஏராளம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், அளவில் பெரியதும் கிருமியில் பெரியதும் ஒன்றாகிவிடுகின்றன.

வாடையும் அப்படித்தான். சிறுநீரில் இருப்பது யூரியா. அதற்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களிடம் யூரியாவை அமோனியாவாக உடைக்கும் நொதி இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா கிளம்பும். கூடவே பெட்டி ஈரமாகி, துகள்களுக்கு நடுவே காற்று போக வழியில்லாமல் அடைபட்டு, ஆக்சிஜன் இல்லாத அழுகல் தொடங்கும். சாக்கடை வாடை என்று நாம் சொல்வது இந்தக் கூட்டு. பிரித்துவிட்டால் பெட்டிக்குள் மழைக்குப் பிந்தைய தோட்டத்து மண் போன்ற வாடைதான் மிஞ்சும். இதை விற்பனைப் பேச்சு என்று நினைத்தால் தப்பு, சரியாகப் பயன்படுத்தும் படகுகளில் நிஜமாகவே அப்படித்தான். 'சரியாக' என்ற நிபந்தனை மட்டும் பெரியது.

ஆனால் இது மக்க வைக்கிறதா? என் கணிப்பில், இல்லை. முறையாக மக்க, கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 25-30க்கு 1 என்ற விகிதத்தில் சேர வேண்டும். ஈரம் பாதியளவு இருக்க வேண்டும். குவியல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி நிற்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கிப் பிடிக்கக் குவியலுக்குப் பருமன் தேவை. படகுப் பெட்டியோ ஒரு பெரிய வாளி அளவு. உள்ளே உண்டாகும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் விசிறி வெளியே கொண்டுபோய்விடும். 1930களில் சுவீடனில் ரிக்கார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் வடிவமைத்த கிளிவஸ் முல்ட்ரம் கழிப்பறைக்கு வீட்டுக்கு அடியில் ஒரு பெரிய சரிவுத் தொட்டியே இருந்தது. கழிவு அதில் மெல்லச் சரிந்து இறங்கி வருடக்கணக்கில் மக்கும். அந்த இடமும் அந்தக் காலமும் எந்தப் பாய்மரப் படகில் கிடைக்கும்? படகில் நடப்பது பிரித்தலும் உலர்த்தலும். 1860இல் இங்கிலாந்தில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் காப்புரிமை வாங்கிய உலர்மண் கழிப்பறைக்குத்தான் இது நெருங்கிய உறவு.

இதை ஒத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபம். பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது உரம் கிடையாது, காய்ந்த மலம். குடற்புழுக்களின் முட்டைகள், குறிப்பாக உருண்டைப்புழுவின் முட்டைகள், மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி நெறிகள், வெறுமனே சேமித்து வைத்தே மலத்தைப் பாதுகாப்பாக்க வேண்டுமென்றால் வெப்பமான இடங்களில் ஒரு வருடத்துக்கு மேலும், குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடமும் வைத்திருக்கச் சொல்கின்றன. மூன்று வாரத்தில் எடுத்துச் செடிக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பொருத்தும் வேலை

புதியதை வைப்பது அரை நாள் வேலை. பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. முதலில் டேங்கை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, ஹோஸ்களிலும் நல்ல தண்ணீரை ஓடவிட வேண்டும். வால்வுகளை மூடி, மூடியிருக்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகுதான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். பழைய ஹோஸை முழுசாக இழுக்காமல், துண்டு துண்டாக வெட்டி, இரு முனையையும் உடனுக்குடன் அடைத்து எடுத்தால் அறைக்குள் சிந்தாது.

துளைகளை என்ன செய்வது? வால்வை மூடி அதன் உள்வாயில் மூடி திருகி வைப்பது தற்காலிகத்துக்குச் சரி. நிரந்தரமாக அடைப்பதானால் படகைக் கரையேற்ற வேண்டும். ஃபைபர் கிளாஸ் உடலில், சுற்றியுள்ள பரப்பைத் தடிமனைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவி, எபாக்ஸிப் பசையும் கண்ணாடி இழைத்துணியும் அடுக்கடுக்காக வைத்து நிரப்புவதே முறை. 12 மில்லிமீட்டர் தடிமன் என்றால் துளையைச் சுற்றி 14 சென்டிமீட்டருக்கு மேல் சீவ வேண்டியிருக்கும். கார்க் மாதிரி ஒன்றைச் செருகிப் பூசுவது அடைப்பே இல்லை. உள்ளே நீர் இழுக்கும் துளையை அடைக்காமல், மேல்தளம் கழுவும் பம்ப்புக்கோ கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிக்கோ பயன்படுத்திக்கொள்பவர்களும் உண்டு.

இடத்தை அளக்கும்போது பலர் பெட்டியின் அகல உயரத்தை மட்டும் அளக்கிறார்கள். அது போதாது. சிறுநீர்ப் பாட்டிலை வெளியே எடுக்க மேல்பகுதியைத் தூக்கியோ சாய்த்தோ திறக்க வேண்டிய மாதிரிகள் உண்டு. அதற்குப் பின்னால் இடைவெளி வேண்டும். பெட்டிக்குள் இருப்பதைக் கம்பியால் கிளற வைத்திருக்கும் கைப்பிடியை முழுச் சுற்று சுற்றும்போது முழங்கை சுவரில் இடிக்கக் கூடாது. உட்கார்ந்தால் கால் தரையில் பட வேண்டும். இவை வழக்கமான கிண்ணத்தைவிட உயரம் என்பதால் ஒரு படி வைக்க வேண்டி வரலாம். அட்டைப்பெட்டியில் அதே அளவுக்கு ஒரு மாதிரி செய்து வைத்து, உட்கார்ந்து, எழுந்து, கதவைச் சாத்திப் பார்ப்பது நல்லது. கழிப்பறையின் தளம் பல படகுகளில் வளைந்தோ சரிந்தோ இருக்கும். கட்டையோ இழைக்கண்ணாடித் தட்டோ வைத்து மட்டப்படுத்தி, தாங்கிகளைத் தரையோடு திருகி இறுக்க வேண்டும். புயலில் நிறைந்த பெட்டி பெயர்ந்து உருள்வதை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள்.

எந்தத் திசை பார்த்து வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். படகின் பக்கச்சுவருக்கு முதுகைக் காட்டி, நடுக்கோட்டைப் பார்த்தபடி உட்காரும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துப் படகு நம் முதுகுப் பக்கம் சாயும்போது, கிண்ணத்தின் முன்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். சிறுநீர் முன்துளைக்குப் போகாமல் பின்னால் ஓடி, கதவிடுக்கு வழியாகப் பெட்டிக்குள் இறங்கும். இரண்டு நாள் அப்படி ஒரே சாய்வில் ஓடினால் பெட்டி சேறாகிவிடும். படகின் முன்முனையையோ பின்புறத்தையோ பார்த்து உட்காரும் அமைப்பில் சாய்வு பக்கவாட்டில் மட்டுமே வரும், தொல்லை குறைவு. இடம் அனுமதிக்காவிட்டால், அந்தச் சாய்வில் சிறுநீருக்கு மட்டும் தனி பாட்டிலைப் பயன்படுத்துவதுதான் வழி.

விசிறி கணினிக்குள் இருக்கும் வகைதான். 12 வோல்ட்டில், நாள் முழுக்க ஓடினாலும் சுமார் 2 ஆம்பியர்-மணி செலவு. சின்ன சூரியத் தகடே ஈடுகட்டிவிடும். ஒரு ஃபியூஸ் போட்டுத் தனி இணைப்பாகக் கொடுங்கள். யாரோ விளக்கை அணைக்கும்போது இதுவும் அணைந்துவிடக் கூடாது. காற்று ஹோஸ் வளைவு குறைவாக, தொங்கல் இல்லாமல் ஏறிப் போக வேண்டும். தொங்கும் இடத்தில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகித் தேங்கினால் காற்று நின்றுவிடும், விசிறி மட்டும் வீணாகச் சுழலும். மேல்தளத்தில் அது வெளிவரும் இடம் ஜன்னலுக்குப் பக்கத்திலும், ஆட்கள் உட்காரும் காக்பிட்டுக்குக் காற்றுமுகத்திலும், பாய்க்கயிறு சிக்கும் இடத்திலும் இருக்கக் கூடாது. அலை ஏறி அடிக்கும் முன்தளத்தில் வைத்தால், மோசமான கடலில் மூடித் திருக ஒரு மூடியாவது வேண்டும். இரு முனையிலும் பூச்சிவலை கட்டாயம். இதைத் தவிர்த்தவர்கள்தான் பின்னால் கொசுவைப் போன்ற குட்டி ஈக்களோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பழக்கத்துக்கு வருவது

நார்த்தூள் கட்டியைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து உதிர்த்து, கிளறும் கம்பியின் மட்டம் வரை போட்டால் போதும். கையில் பிடித்தால் லேசாக ஈரம் தெரிய வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. கடற்காற்றில் ஈரம் அதிகம் உள்ள பகுதிகளில் இன்னும் உலர்வாகவே தொடங்கலாம், ஈரம் தானாக வந்துவிடும். மக்கிய பாசியான பீட் மாஸும் வேலை செய்யும். மரத்தூள் கிளறும்போது கட்டிபட்டு இறுகும் என்பதால் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

ஆணும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். விருந்தினர்கள் முதலில் சிரிப்பார்கள். நின்றபடி போனால் பின்கதவை நனைக்காமல் இருக்க முடியாது, அதனால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மலம் கழித்ததும் கைப்பிடியை நாலைந்து சுற்று சுற்றி, கிண்ணத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீரும் வினிகரும் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டால் ஆயிற்று. காகிதம் கொஞ்சம் போகலாம், ஆனால் கம்பியில் சுற்றிக்கொள்ளும். தனிப்பையில் போடுவது மேல். ஈரத்துடைப்பான், அணையாடை (டயப்பர்) எதுவும் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவுபவர்கள் அந்தத் தண்ணீரைப் பெட்டிக்குள் விட முடியாது. காகிதத்தால் துடைத்தபின், குளியல் நீர் வடியும் தளத்தில் கைக்குழாயால் கழுவிக்கொள்வது ஒரு வழி. அப்படிக் கழுவிய நீரையும் கழிவுநீராகவே கருத வேண்டும். கடல்நோயில் வாந்தி வந்தால் வாளிக்கு, இதற்குள் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் உலர்ந்த நார்த்தூளை இரண்டு கைப்பிடி கூடுதலாகப் போட்டு, விசிறியை நம்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

பாட்டில்தான் உண்மையான வேலை. எட்டு லிட்டர் பாட்டில் இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். வருமென்று விட்டுவிட்டு, நிரம்பி வழிந்தபின் தரையைத் துடைப்பதைவிட, தினம் காலையில் காலி செய்வது உத்தமம். ஒரு நாளுக்கு மேல் நின்றால் அமோனியா தலைகாட்டும். காலி செய்ததும் அலசி, அடியில் கொஞ்சம் வினிகர் விட்டு வைத்தால் வாடையும் குறையும், உப்புப் படிவும் இளகும். மாற்றுப் பாட்டில் ஒன்று கட்டாயம். பிளீச் மட்டும் கூடவே கூடாது. சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு வரும், சின்ன அறையில் அது விளையாட்டில்லை.

திடப்பெட்டி 60 முதல் 80 முறை தாங்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. இருவர் முழுநேரமும் படகில் இருந்தால் 30 முதல் 40 நாள். கைப்பிடி கனக்கத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக விழுந்தது காயவில்லை என்பதுதான் இதில் சிக்கல். காலி செய்வதற்கு முன் ஒன்றிரண்டு நாள் கரையில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்தி, பெட்டியை விசிறியோடு விட்டுவைத்தால் வேலை சுலபமாகும். கையுறை போட்டு, பெட்டியின் வாயில் தடித்த பையை மாட்டி, கவிழ்த்தால் முடிந்தது. பெட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. கழுவினால் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

எங்கே கொட்டுவது

இந்த விஷயத்தில் படகுக்காரர்கள் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். 'சிறுநீர்தானே, கடலில் ஊற்றினால் என்ன' என்பது வழக்கமான பேச்சு. அமெரிக்காவின் சுத்த நீர்ச் சட்டத்தில் 312ஆம் பிரிவு மனித உடற்கழிவு முழுவதையும் கழிவுநீர் என்றே வரையறுக்கிறது. சிறுநீருக்கு விலக்கு இல்லை. அங்கே கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக் கூடாது. சர்வதேச அளவில் மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு, 2003 முதல் நடைமுறையில் இருப்பது, சுத்திகரிக்காத கழிவுக்கு 12 கடல் மைல் என்று கோடு போடுகிறது. அது 400 டன்னுக்கு மேற்பட்ட அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்கானது, சின்னப் பாய்மரப் படகுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் பெருங்கடலில் எவ்வளவு தள்ளிப் போய்க் கொட்டலாம் என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்வது நியாயம். ஒருவரின் சிறுநீரில் நாளைக்கு சுமார் 10 கிராம் நைட்ரஜன் போகிறது. திறந்த கடலுக்கு அது ஒன்றுமே இல்லை. நாற்பது படகு நங்கூரமிட்ட, நீர் புரளாத குடாவில் அதுவே பாசிக்குத் தீனி.

நடைமுறையில், பாட்டிலைக் கரையில் கழிப்பறையில் ஊற்றலாம். எட்டு கிலோ எடையைச் சின்னப் படகில் இறக்கி, படித்துறையில் ஏறி நடப்பதற்கு மனம் ஒப்புகிறதா என்பதுதான் கேள்வி. காய்ந்த திடப்பொருளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதைச் சில இடங்கள் குழந்தைகளின் அணையாடையைப் போலக் கருதி அனுமதிக்கின்றன, சில இடங்கள் தடுக்கின்றன; துறைக்குத் துறை கேட்டுத்தான் ஆக வேண்டும். கரையில் இடம் உள்ளவர்கள் மூடிய தொட்டியில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவைக்கலாம். உண்மையில் மக்குவது அப்போதுதான் தொடங்குகிறது.

இதையெல்லாம் பார்த்தால், ஒரு வகை வேலைக்குப் பதில் இன்னொரு வகை வேலை வருகிறது என்பது விளங்கும். அடைத்த ஹோஸைப் பிரிப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும் பெரிய வேதனை. பாட்டிலைக் காலி செய்வது தினமும் வரும் சின்ன வேலை. ஒருவரோ இருவரோ நீண்ட நாள் வாழும் படகுக்கும், உறிஞ்சும் வசதி அரிதான கடற்பகுதிக்கும், பழைய டேங்கும் ஹோஸும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கும் படகுக்கும் இது பொருந்தும். வாரக்கடைசியில் ஆறு பேரை ஏற்றிப் போகும் படகுக்கு வேண்டாம். பாட்டில் ஒரே நாளில் நிரம்பும், புதிதாக வருபவர் ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்க வேண்டும். வாடகைக்கு விடும் படகுக்கு நினைத்தே பார்க்காதீர்கள். தெளிவில்லாதவர்கள் பழைய துளைகளையும் டேங்கையும் ஒரு பருவம் அப்படியே விட்டுவைக்கலாம். பெட்டியைத் திருகிக் கழற்ற பத்து நிமிடம் போதும். அடைத்த துளையை மறுபடி திறக்க, படகு திரும்பவும் கரையேற வேண்டும்.